பூ வச்ச பானை

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க தம்பி. வாளி ஆடுது. ஒண்ணுமில்ல, கடல் தண்ணிதான். உள்ள ரெண்டு பானை இருக்கு. மேல ஈரச் சாக்குப் போட்டிருக்கேன்ல, அதைத் தூக்கிப் பாக்காதீங்க. கண்டக்டரும் நான் ஏறினதுலேர்ந்து இதையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு. மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லைம்பாங்க. எனக்குக் காலடியில வாளியே கனமா இருக்கு, ஆனாலும் பயமில்ல.

நீங்க எங்க இறங்கணும்? பட்டுக்கோட்டையா. சரி. நான் சேதுபாவாசத்திரம் தாண்டி இறங்கிடுவேன். என்ன வேலை பாக்குறீங்க? வாத்தியாரா. என்ன பாடம்? சொல்ல இஷ்டமில்லேன்னா விடுங்க. என் பேரு அடைக்கலம். வாட்ச்மேன் வேலை பாத்தவன். பக்கத்துல ஒரு ஆளு உக்காந்தா யாரு என்னன்னு கேட்டுக்கிறது பழக்கமாயிடுச்சு. தப்பா நினைக்காதீங்க. நினைச்சாலும் பரவால்ல.

கோட்டைப்பட்டினம் பக்கத்துல கடலோரமா ஒரு இறால் பண்ணை. அங்கதான் இருந்தேன். மொதலாளி மதுரைக்காரரு, எப்பவாச்சும் கார்ல வருவாரு, பாத்துட்டுப் போயிடுவாரு. பண்ணை என் பொறுப்புதான். அங்க ஒரு பெரிய குளம் உண்டு. கடல் தண்ணியை வாய்க்கால்லேர்ந்து மோட்டார் வச்சு முதல்ல அதுலதான் ஏத்துவாங்க. குழாய் வாயில ஒரு வலைப் பை கட்டியிருக்கும். மாவு சலிக்கிற சல்லடை தோத்துப்போகும், அவ்வளவு சன்னம். அதுக்கு மேல பிளீச்சிங் பவுடர் வேற. தண்ணியில இருக்கிற சகலமும் செத்து, வாசனை போனப்புறம்தான் இறால் குளத்துக்குத் திறந்துவிடுவாங்க. சுத்தி முள்ளுக்கம்பி. ஒரே கேட்டு. சாவி என் அரைஞாண் கயித்துல.

அந்தக் குளத்துக்குள்ள சொறி வந்துச்சு தம்பி. இப்ப சொல்லுங்க.

சொறின்னா தெரியும்ல. ஜெல்லி மீனுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருப்பான். கரையில ஒதுங்கிக் கிடக்குமே, கொழகொழன்னு, உரிச்ச நுங்கு மாதிரி. தண்ணிக்குள்ள குடை விரிச்சு மூடுறாப்ல போகும். அடியில நூல் நூலாத் தொங்கும். அதுலதான் விஷம். செத்துக் கிடக்கிறது தானேன்னு ஒண்ணைக் கையால எடுத்து வெளிய போட்டேன், முழங்கை வரைக்கும் தீ வச்சாப்ல எரிஞ்சுச்சு. செத்தும் கடிக்கிற ஜாதி அது. இறால் குளத்துக்குள்ள போனா, தண்ணிக்குக் காத்து குடுக்கிற ஏரேட்டர்ல சுத்திக்கும், குஞ்சைத் தின்னும், மிச்சம் இருக்கிற இறால் அரண்டுபோய்த் தீனி எடுக்காம கிடக்கும்.

முதல் தரம் வந்தப்ப சின்னச் சின்னதா, சட்டைப் பொத்தான் அளவுல மிதந்துச்சு. ஒரு வாரத்துல டீ டம்ளர் வாய் அளவு ஆயிடுச்சு. நான் வலைப் பையைப் போய்ப் பாத்தேன். ஒரு கிழிசல் கிடையாது. கம்பி வேலியைச் சுத்தி வந்தேன். ஒரு நாய் நுழையுற சந்து கிடையாது. அப்ப எப்படி வந்துச்சு? வானத்துலேர்ந்து விழுந்துச்சா? எவனோ கொண்டாந்து போட்டிருக்கான். நெருப்பில்லாம புகையாதுல்ல.

அப்ப யாரு? அதுதான் என் வேலை.

பக்கத்துப் பண்ணைக்காரன் மேல முதல்ல சந்தேகம். அப்புறம் பால் ஊத்துற ஆளு மேல. அவன் சைக்கிள்ல ரெண்டு கேன் வச்சிருப்பான், ஒண்ணுலதான் பால் இருக்கும், இன்னொண்ணுல என்னன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டேன். திறந்து காட்டினான். அதுலயும் பால்தான். அதுக்கப்புறம் அவன் பண்ணைக்குப் பால் ஊத்துறதை நிறுத்திட்டான். ஒரு மாசம் கடுங்காப்பிதான்.

அப்பத்தான் ஒரு யோசனை பண்ணினேன். நல்ல மணலாச் சலிச்சு, குளத்துக் கரை பூராவும் தூவி வச்சேன். எவன் நடந்தாலும் தடம் விழுமா விழாதா? விழுந்துச்சு தம்பி. மறுநாள் பாக்குறேன், வடக்கு மூலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்த தடம். டயர் செருப்பு. ஒரே ஆளு.

வடக்கு மூலைக்கு நானும்தான் போவேன், இல்லைங்கல. அங்கதான் என் பானை கிடந்துச்சு. ஆனா நான் போறது பானைக்கு. அவன் போனது எதுக்கு?

பானையா? சொல்றேன். அது வேற கதை, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கு நண்டு இல்லாம சோறு இறங்காது. சேத்து நண்டு இருக்கே, அது எந்தக் கரையிலயும் ஏறி வந்துடும், பொந்து தேடும். பானையைச் சாச்சுப் போட்டா அதுதான் பொந்துன்னு உள்ள போய் உக்காந்துக்கும். ஆனா புதுப் பானைக்குள்ள நுழையாது. எங்க வீட்டு வழக்கம், புதுப் பானையைக் கயித்துல கட்டி, படகுத் துறையில பாலத்துக்கு அடியில, நிழல்ல, ஒரு மழைக்காலம் தொங்கவிட்டுடுவோம். எடுக்கிறப்ப உள்ளுக்குள்ள சிப்பி ஒட்டி, பாசி ஒட்டி, வெள்ளை வெள்ளையாப் பூ வச்சிருக்கும். அரிசி நொய் அளவுதான். தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தா சின்னதா விரல் விரிச்சு ஆடும். வெளிய எடுத்தாச் சுருங்கிடும். அந்தப் பூ வச்ச பானைக்குத்தான் நண்டு வரும். பூ செத்துப்போன பானையை உடைச்சுப் போட்டுடுவோம்.

குளத்துல எதையும் போடக்கூடாது, பிடிக்கக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. அதனால யாருக்கும் சொல்லல. பிளீச்சிங் போடப் போறாங்கன்னா முதல்நாளே பானையை எடுத்து வாய்க்கால்ல இறக்கிடுவேன். இல்லேன்னா பூ பூராவும் செத்துப்போகும். வாசனை போனதும் பழையபடி குளத்துல. அதை அப்படிப் பாத்துக்கணும் தம்பி, பிள்ளை வளக்குற மாதிரி.

எங்க விட்டேன்? செருப்புத் தடம். என்கிட்டயும் அதே மாதிரி டயர் செருப்புதான், அதை மறைக்கல. ஆனா பண்ணையில அந்தச் செருப்பு இன்னொரு ஆளு கால்லயும் இருந்துச்சு. நாடியம்மன் திருவிழாவுல ஒரே கடையில வாங்கினது, ஆளுக்கு ஒரு ஜோடி. அவன் யாருன்னு கேக்குறீங்களா? நாடிமுத்து. என் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு கூடப் பொறந்த தம்பி. பண்ணையில மோட்டார் ஓட்டுறவன். வேலைக்குச் சேத்துவிட்டதே நான்தான்.

சொந்த மச்சினன். என் வீட்டுல உக்காந்து சாப்பிடுறவன். வேலியே பயிரை மேஞ்ச கதையா ஆயிடுச்சு. அப்புறம் மொதலாளி வந்தப்ப, எல்லாரும் நிக்கிறாங்க, மணல்ல இருந்த தடத்தைக் காட்டினேன். நாடிமுத்து காலைக் காட்டச் சொன்னேன்.

அவன் என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தான். செருப்பைக் கழட்டி அந்தத் தடத்துப் பக்கத்துலயே வச்சான். வெறுங்காலோட கேட்டைத் தாண்டிப் போயிட்டான். மொதலாளி போகட்டும்னுட்டாரு. செருப்பு தடத்தை விட ஒரு விரல் கம்மியாத்தான் இருந்துச்சு. மணல்ல பதிஞ்சா அகண்டு போறது இயற்கை. குத்தம் இல்லாதவன் செருப்பை எதுக்குக் கழட்டணும்? உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்னு நினைச்சேன்.

அன்னைக்கு வள்ளிக்கண்ணு அந்தச் செருப்பைப் போய் எடுத்தா. முந்தானையில துடைச்சா. பையில போட்டுக்கிட்டா. "என் தம்பி வெறுங்காலோட போறப்ப நான் உங்க வீட்டுல சோறு ஆக்குவேனா?"ன்னா. போயிட்டா. இப்ப அவன் வீட்டுலதான் இருக்கா.

எனக்குச் சோறு ஆக்கத் தெரியும். ஆனா ஒத்தை ஆளுக்கு ஆக்க வரல. எவ்வளவு அரிசி போட்டாலும் ரெண்டு பேருக்கு வந்துடுது. வீடு வீடாவே இல்ல தம்பி. தையில மகளுக்குக் கல்யாணம் வேற வச்சிருக்கு. தாய்மாமன் இல்லாம மணவறைக்குப் பொண்ணை யாரு அழைச்சுட்டு வருவா? சம்பந்தி வீட்டுல கேட்டுட்டாங்க. "மாமன்காரரு எங்க, கண்ணுலயே காணோம்"னு. நான் என்ன சொல்றது, சொறி போட்டான்னு விரட்டிட்டேன்னா?

சரி, அவனை அனுப்பியாச்சு. குளத்துத் தண்ணியை இறைச்சுட்டுப் புதுசா ஏத்தி, திரும்ப பிளீச்சிங் போட்டாங்க. நானும் பானையைப் பத்திரமா எடுத்து, திரும்பப் பத்திரமா வச்சேன். சொறி வந்துடுச்சு. அதே பொத்தான் அளவு.

அப்ப நாடிமுத்து இல்லேன்னு ஆயிடுச்சுங்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவனுக்குக் கூட்டாளி இருந்திருக்கலாம்ல. சந்தேகம் வந்தாச் சொல்றது வாட்ச்மேன் வேலை. தப்பு என் மேல இல்ல.

பிறகுதான் மொதலாளி அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஜெனிட்டான்னு பேரு, மீன் படிப்புப் படிச்சது. சின்னப் பொண்ணு, ஆனா கண்ணு நிக்காது. தண்ணியைக் குப்பியில எடுக்கும், வெயில்ல பிடிச்சுப் பாக்கும். வந்தன்னைக்கே எனக்குப் பிடிக்கல. புதுசா வந்த ஆளுக்குக் குளத்து மேல என்ன அவ்வளவு அக்கறை?

ஒரு நாள் என்னைக் கரையில உக்கார வச்சுச் சொறியைப் பத்திப் பாடம் எடுத்துச்சு. "அண்ணே, இதுக்கு மூளை கிடையாது, இருதயம் கிடையாது, ரத்தம் கிடையாது, எலும்பு கிடையாது. முக்காலே மூணு வீசம் தண்ணிதான். தின்னுறதும் கழியிறதும் ஒரே வாய் வழியாத்தான்." நான் கேட்டேன், "மூளை இல்லாத ஜீவன் பூட்டின கேட்டுக்குள்ள எப்படிம்மா வரும்? மூளை இருக்கிறவன்தானே கொண்டாந்து போட்டிருக்கணும்?" அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு.

அப்புறம் விட்டுச்சு பாருங்க ஒரு கதை. சொறி பொறக்கிறப்பவே குடையாட்டம் பொறக்காதாம். முதல்ல செடி மாதிரி எதுலயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குமாம். கல்லோ, சிப்பியோ, பாலத்துத் தூணோ, நிழலா இருக்கிற இடமாப் பாத்து. நொய்யி அளவுதானாம். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், வருசக்கணக்கா அப்படியே காத்துக்கிட்டு இருக்குமாம். அதுக்கு ஏத்த காலம் வந்தா, உடம்புல மடிப்பு விழுந்து, தட்டு அடுக்கினாப்ல ஆகுமாம். மேல் தட்டு கழண்டு நீந்திப் போயிடும், அடுத்த தட்டு கழண்டு போயிடும். ஒவ்வொரு தட்டும் ஒரு சொறி. செடியிலேர்ந்து மிருகம் வருதாம் தம்பி. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது அந்தப் பொண்ணுக்கு? நான் கடலோரத்துல பொறந்தவன்.

"அதனால அண்ணே, குளத்துக்குள்ள கல்லு, ஓடு, கயிறு, பானை, சட்டி எதாச்சும் கிடக்கா?"ன்னு கேட்டுச்சு.

பானைன்னு ஏன் குறிப்பாக் கேக்கணும்? எனக்குச் சுருக்குன்னுச்சு. என் பானையைப் பாத்துட்டு மொதலாளிகிட்ட வத்தி வைக்கத்தான் இவ்வளவு பெரிய கதை ஜோடிச்சிருக்கு. "பானையா? இங்க எங்கேருந்தும்மா பானை வரும்?"னேன். அன்னைக்கே பானையைத் தூக்கி வாய்க்கால்ல ஒளிச்சுட்டேன். அது குளத்து அடி பூராவும் துழாவிப் பாத்துச்சு. ஒண்ணும் கிடைக்கல. மூஞ்சி தொங்கிப்போச்சு. "இருக்கணுமே அண்ணே, இருந்தாத்தானே வரும்"னு அதுவே புலம்பிச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவம் பாத்தா வாட்ச்மேன் வேலை பாக்க முடியுமா?

அது இன்னொரு தரம் பிளீச்சிங் போட வச்சுச்சு. கொஞ்ச நாள் குளம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இந்தத் தரம் போயிடுச்சு அண்ணேன்னு அதுக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, இனிமே தேட மாட்டாங்கன்னு நானும் பானையைக் கொண்டாந்து வச்சேன். அந்த ஆடியில சொறி வந்துச்சு பாருங்க, முன்ன வந்ததெல்லாம் ஒண்ணுமேயில்ல. இறால் குளம் எல்லாத்துலயும் பரவி, ஏரேட்டர் நின்னு, வளந்த இறால் பூராவும் செவந்துபோய் ஓரத்துல ஒதுங்கிடுச்சு. படிச்ச படிப்புக்கு இதுதான் லட்சணமான்னு மொதலாளி எல்லாரும் நிக்கிறப்பவே கேட்டுட்டாரு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே பையை எடுத்துக்கிட்டுப் போச்சு. பண்ணையை மூடிட்டாரு. இருந்தவங்க அத்தனை பேருக்கும் வேலை போச்சு. எனக்கும் போச்சு. எவன் செஞ்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. என் சர்வீஸ்ல கண்டுபிடிக்க முடியாமப் போனது இது ஒண்ணுதான்.

அதெல்லாம் போன வருசத்துக் கதை. இந்த வருசம், போன வாரம், நாடிமுத்து போன் போட்டான். அவனே. "மச்சான், ஆனது ஆச்சு. சொந்தமா ரெண்டு குளம் குத்தகைக்கு எடுத்திருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சு விடுறேன். நீங்க வந்து நின்னீங்கன்னா அக்கா சந்தோஷப்படும். வந்து இங்கயே இருங்க. உங்களை மாதிரி சந்தேகப்படுற வாட்ச்மேன் எனக்கு எங்க கிடைப்பான்?"ன்னு சிரிக்கிறான். அவன் பொண்டாட்டி கழுத்துல தாலியைத் தவிர ஒண்ணுமில்லையாம், எல்லாத்தையும் குளத்துல போட்டுட்டான். இந்த வெள்ளாமையிலதான் என் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்யப்போறேங்கிறான். போனை வச்சுட்டு நான் அழுதேன் தம்பி. வாத்தியாருகிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதேன்.

நாளைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. வெறுங்கையோட போகலாமா? பழத்தையும் பூவையும் வாங்கிட்டுப் போனா அது ஊரு உலகம் செய்யிறது. நாடிமுத்துக்கு நண்டுன்னா உசுரு. என் பானை நண்டைச் சாப்பிட்டுத்தான் வளந்தான். இருக்கிறதுல நல்லதா ரெண்டு பானை எடுத்துக்கிட்டேன். வாய்க்கால்லேர்ந்து எடுத்து, தண்ணியோட, சாக்குப் போட்டு, வெயில் படாமக் கொண்டுட்டு வர்றேன். அவன் குளத்து மூலையில என் கையால வைக்கணும். அவனும் வள்ளிக்கண்ணும் அதுக்கப்புறம் என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்.

பாக்கணுமா? இவ்வளவு நேரம் சும்மாதானே வந்தீங்க. சரி, பாருங்க. விரலை விடாதீங்க. தெரியுதா உள்ள? அதுதான் பூ. எவ்வளவு அடர்த்தியா வச்சிருக்கு பாத்தீங்களா. என்ன, அடுக்கடுக்கா இருக்கா? ஆமா, ரெண்டு நாளா அப்படித்தான் மடிப்பு விழுந்திருக்கு. ஆடிக்கு ஆடி இப்படி ஆகும். மொட்டு விடுற சமயம்னு நினைக்கிறேன். அவன் குளத்துல போய் விரியட்டும்.

ஏன் தம்பி மூஞ்சி இப்படி மாறுது? என்ன, குளத்துல போடக்கூடாதா? ஏன்? மெதுவாச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொன்ன அதே கதையைத்தானே நீங்களும் சொல்றீங்க. ஜெனிட்டாவைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? தெரியாமத்தான் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணாச் சொல்றீங்களா? வாத்தியாருங்கிறீங்க, வாத்தியாருக்கு என் பானைக்குள்ள என்ன வேலை? கையை எடுங்க. வாளியை விடுங்கன்னா.

கண்டக்டர், இங்கதான், நிறுத்துங்க. அதோ நிக்கிறான் பாருங்க. வள்ளிக்கண்ணும் வந்திருக்கா. அவன் கால்ல அந்தச் செருப்பு. துடைச்சு எடுத்துட்டுப் போனாளே, அதே செருப்பு.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? பட்டுக்கோட்டைன்னுதானே சொன்னீங்க. இங்க ஏன் இறங்குறீங்க? என் பின்னாடி வராதீங்க. அவன்கிட்ட என்ன பேசணும் உங்களுக்கு?

மாப்ள, இந்தா, வாளியைப் பிடி. பதனமா, தண்ணி சிந்தாமப் பிடி. உனக்குத்தான் கொண்டாந்தேன். அழாத வள்ளிக்கண்ணு, வந்துட்டேன்ல. மாப்ள, அந்த ஆளு சொல்றதைக் காதுல வாங்காத, முதல்ல குளத்துக்கு நட. நட சொல்றேன். ஆளை மட்டும் நல்லாப் பாத்து வச்சுக்க. நாளைக்கு உன் குளத்துல எதாச்சும் மிதந்துச்சுன்னா இந்த மூஞ்சியை ஞாபகம் வச்சுக்க.